எங்கம்மாவுக்குப் படபடப்பெல்லாம் கிடையாது

சரி என்றுதான் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், சரி என்று வருகிறது. தண்ணீர் கேட்கத் திறக்கிறேன், அதற்கும் சரி. உள்ளே எல்லாச் சொல்லும் முழுசாக இருக்கிறது, தேடினால் கைக்குக் கிடைக்கிறது, வாய்வரை கொண்டுவந்தால் வாசலில் எவனோ நின்றுகொண்டு மற்றதையெல்லாம் பிடுங்கி வைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வெளியே தள்ளிவிடுகிறான். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டர் பக்கத்திலேயே சாய்ந்து விழுந்த காலையிலிருந்து இப்படித்தான். வலது கை கட்டிலில் கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி. வலது கால் சொன்னால் பாதி கேட்கிறது, பாதி கேட்பதில்லை. அதெல்லாம் போகட்டும். இவ்வளவு ஆத்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு மிச்சம் விட வேறு சொல்லே அகப்படவில்லையா? ஒரு கெட்ட வார்த்தை மிஞ்சியிருந்தால்கூடப் போதுமே, காலையிலிருந்து ராத்திரிவரை அதையே சொல்லிக்கொண்டிருப்பேனே. தெருக்குழாயில் நான் வாயைத் திறந்தால் வரிசை தானாக ஒதுங்கும். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் சரி மயினி, சரி அத்தை, சரிய்யா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது, அதனால்தான் அது மட்டும் தப்பித்ததோ என்னவோ. பேசப் பேச மற்றதும் திரும்பி வருமாம், டாக்டரம்மா சொல்கிறாள். வரட்டும். வருகிற அன்றைக்கு இருக்கிறது இவர்களுக்கு.

இவர்கள் என்றால் இரண்டே பேர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கிறாள் பார், பேச்சித்தாய், என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு மயினி. ஜன்னல் ஓரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேன்காரனோடு பேசுகிறவன் என் மகன் ஆவுடையப்பன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் இருந்திருந்தாலும் அக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். சாப்பாட்டு வண்டி போய் வார்டு மந்தமாகக் கிடக்கிறது. சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து குமட்டுகிறது. என் நெஞ்சில் அங்கங்கே வட்ட வட்டமாக ஒட்டி, அதிலிருந்து வயர் இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் மாட்டியிருக்கிறார்கள். அது இருக்கும்வரை எனக்குப் பிழைப்பு உண்டு, அது எனக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரி உச்சினிமாகாளி கோயில் கொடை, வருசத் திருவிழா. அதற்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேன். வேன் வருவதற்குள் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்பது இவர்கள் திட்டம். எம்மா, கழத்திருவோமா என்று ஆவுடை கேட்டான். வேண்டாம் வேண்டாம் வேண்டாம் என்று நான் அலறினேன். சரி என்று வெளியே வந்தது. அம்மாவே சொல்லியாச்சு என்று சந்தோஷமாகப் போனை எடுத்துவிட்டான்.

காலையில் டாக்டரம்மா வந்து நின்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். சின்னப்பெண், தலைமுடியைக்கூட ஒழுங்காக வாரியிருக்கவில்லை, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "இங்க பாருங்க, மூளைக்குப் போற ரத்தக் குழாயில ஒரு கட்டி போய் அடைச்சிருக்கு. அது எங்க இருந்து வந்துச்சுன்னுதான் தெரியல. கழுத்துல அடைப்பில்ல. சுகர் இல்ல. இதயத்துல உருவாகி மேல போயிருக்கலாம். இதயம் அப்பப்ப தாளமில்லாம ஓடும், அப்புறம் அதுவா சரியாயிடும். அந்த நேரத்துல ரத்தம் தேங்கி உறைஞ்சு கட்டியாகும்." ஆவுடை தலையை ஆட்டினான். "அம்மாவோட வயசு, இதயத்தோட மேல் அறை கொஞ்சம் பெருசா இருக்கிறது, அடைப்பு விழுந்திருக்கிற விதம், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம். அந்த வியாதி ஒளிஞ்சிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு வருது. ஆனா அந்தக் கணக்க மட்டும் நம்பி மாத்திரை கொடுக்க முடியாது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரை, தேவையில்லாம கொடுத்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். அதனால அந்தத் தாளம் தப்புறது ஒரு தடவையாவது இந்த மெஷின்ல பதிவா விழணும். விழாம விட்டுட்டா அடுத்த அடைப்பு எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா இவ்வளவோட நிக்காது." பிறகு கேட்டாள். இந்தக் காதால் கேட்டேன். "இதுக்கு முன்னாடி அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கா? வேர்த்து, நடுங்கி, கண்ணு இருட்டி, அப்படி எப்பவாவது?" ஆவுடை மயினியைப் பார்த்தான். மயினி ஆவுடையைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒளிவு மறைவே இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது, பொய் சொல்கிறவன் முகம் என்றால் துப்பிவிட்டுப் போய்விடலாம். "இல்ல டாக்டர்," என்றான் என் மகன், "எங்கம்மாவுக்குப் படபடப்பெல்லாம் கிடையாது. இரும்பு மாதிரி இருப்பாவ." டாக்டரம்மா என்னிடம் திரும்பினாள். "அப்படியாம்மா?" சரி என்றேன். அட நாசமாய்ப் போகிற வாயே.

படபடப்பு கிடையாதாம். என்னை ஒரு தடவைகூடப் பார்த்திராத கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, கூடவே இருந்து தின்று தூங்கி எழுந்ததுகளுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்க்காமலா இருந்தார்கள்? சுற்றி நின்று பார்த்தார்கள். குலவை போட்டுப் பார்த்தார்கள். மாமியார் இருந்தவரை ஆத்தா அவள் மேல் வந்தாள். அவள் செத்த பிறகு வந்த கொடையில் மேளக்காரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனான், எங்கள் வீட்டில் யாருக்கும் அருள் வரவில்லை. ஆத்தா இவர்கள் வீட்டை விட்டுப் போய்விட்டாள், இனிமேல் முதல் மாலை எங்களுக்குத்தான் என்று பங்காளி வீட்டுக்காரர்கள் கூட்டத்திலேயே பேசிவிட்டார்கள். மயினி அன்றைக்கு அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. பாவம் பார்த்ததும் போதும். அடுத்த கொடைக்கு நான் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். புகை கண்ணைக் கரித்தது. காலையிலிருந்து விரதம், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. திடீரென்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வழுக்கியது. பெல்ட் தளர்ந்த கிரைண்டர் மாதிரி, சுற்றும், நிற்கும், தடதடவென்று இழுக்கும், மறுபடி வழுக்கும். கரண்டி கையை விட்டுப் போயிற்று. உடம்பெல்லாம் வேர்த்து, கை கால் உதறி, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மயினி ஓடி வந்தாள். என்ன ஏட்டி என்று குனிந்தவள் என் நடுக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்து, "ஆத்தா வந்துட்டா! எங்க வீட்டுக்கே வந்துட்டா!" என்று கூவினாள். நான் சொன்னேன், அன்றைக்கு எனக்கு எல்லாச் சொல்லும் இருந்தது, தெளிவாகச் சொன்னேன், "மயினி, நெஞ்சு படபடங்குது." நெஞ்சில் ஆத்தா இறங்குகிறாளாம். கூட்டம் கூடிவிட்டது. வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். மூச்சு முட்டுகிறது என்றேன், மேளத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து அடித்தார்கள். தண்ணீர் என்றேன், மஞ்சள் தண்ணீரைத் தலையில் குடம் குடமாய் ஊற்றினார்கள். பங்காளி வீட்டு ஆளே வந்து காலில் விழுந்து என் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டான். எனக்கு உயிர் போகிறது, இவனுக்கு வரன். நான் என்ன சொன்னேனோ தெரியாது, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவ்வளவுதான், தொலைந்தேன்.

அதற்குப் பிறகு கொடைக்குக் கொடை. பட்டினி கிடந்து, கண் விழித்து, புகையிலும் சத்தத்திலும் நின்றால் எந்த நெஞ்சுதான் ஒழுங்காக ஓடும். சும்மா நாளிலும் வந்தது. மாவு அள்ளிப் போடும்போது வந்தது, துணி காயப்போடும்போது வந்தது. வருகிற விதம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது, முதலில் தொண்டைக்குழியில் ஒரு சின்ன மீன் துள்ளும், பிறகு இடது காது அடைக்கும், பிறகு தடதட. கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போய்விடும். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் நானே பஸ் ஏறி ஒரு கிளினிக்குக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் நின்றுபோயிற்று. மெக்கானிக் வந்தால் கிரைண்டர் ஒழுங்காக ஓடிக் காட்டுமே, அதே கதை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த ஆள் பேனாவை மூடியபடி, "கேஸ்மா. பருப்பு, கிழங்கு குறைச்சுக்கோங்க," என்றான். கேஸ். இந்த ஊரில் எது வந்தாலும் கேஸ்தான், பொம்பளைக்கு வந்தால் கேஸும் டென்ஷனும். வீட்டுக்கு வந்து பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தேன். கிளினிக்குக்குப் போனது மயினிக்குத் தெரிந்து, வாசலில் நின்று கத்தினாள். "வந்திருக்கவள ஊசி போட்டு வெரட்டப் போறியோ? இந்தக் குடும்பத்துக்குக் கெடச்ச மரியாதி ஒனக்குப் பிடிக்கலயோ?" மரியாதை. ஆமாம், கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஏட்டி என்று கூப்பிட்ட வாய் கொடை நாளில் ஆத்தா என்றது. ஆனால் அது எனக்கு வந்த மரியாதையா? விழுந்து விழுந்து கும்பிட்டவர்களில் ஒருத்தருக்காவது, இவளுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது, உதடு ஏன் நீலம் பாய்கிறது என்று தோன்றியதா? எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் செத்துவிடுவேன் என்று பயந்தேன். என் பயத்தைப் பார்த்து அவர்களுக்குப் பரவசம் வந்தது. இதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, வலது பக்கப் பல் கடிபட மாட்டேன் என்கிறது.

"தங்கம், ஒரு சொளை தின்னு." மயினி சாத்துக்குடியை வாயருகில் நீட்டுகிறாள். விதையை எடுத்துவிட்டு, நார் உரித்து, அவ்வளவு பக்குவமாக. விழுந்த அன்றிலிருந்து வீட்டுக்கே போகாமல் இந்த ஸ்டூலில்தான் கிடக்கிறாள். இவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். தின்கிறேன், சாறு உதட்டின் மரத்த பக்கமாக வழிகிறது, முந்தானையால் துடைக்கிறாள். துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொல்கிறாள், "போன வருசம் சாவு வீட்டுத் தீட்டுன்னு கொடைக்கு நீ வரல பாத்தியா, அந்தக் கோவந்தான் ஆத்தாவுக்கு. ஆடுத கையையும் பேசுத நாக்கையும் கட்டிப் போட்டுட்டா. இன்னைக்கு அங்க கொண்டு நிறுத்திட்டா அவளே அவுத்து விட்டுருவா. மெசினுக்கு என்ன தெரியும்? நேத்துல இருந்து ஒண்ணும் விழலன்னுதான சொல்லுதாவ." ஆமாம், விழவில்லை. எத்தனை நாள் வேண்டாத நேரத்திலெல்லாம் வந்து துள்ளிய நெஞ்சு, பெட்டியை மாட்டியதும் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த நாள் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துடிடீ. தாறுமாறாகத் துடி. இப்போது துடிக்காமல் எப்போது துடிக்கப் போகிறாய்? கொடையில், மேளத்துக்கு நடுவில், பெட்டி இல்லாத இடத்தில் துடிப்பாய். அங்கே அடுத்த கட்டி கிளம்பும். இன்னொரு பாதியும் போகும். அப்போதும் குலவை போடுவார்கள். ஆவுடை போனை வைத்துவிட்டு வருகிறான், "கெளம்பிட்டானாம் அத்த. டாக்டர் கேட்டா எங்க பொறுப்புலதான் கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துருவோம்." பி.இ. படித்தவன். கம்ப்யூட்டரில்தான் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதையே நம்பாமல் வேனுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இடது கை இருக்கிறது. அதைத் தூக்குகிறேன். பெட்டியைத் தொட்டுக் காட்டுகிறேன், நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறேன், இது இங்கே இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும். மறுபடி பெட்டி, மறுபடி நெஞ்சு. இதைவிடத் தெளிவாக ஊமைகூடச் சொல்ல முடியாது. ஆவுடை குனிந்து பார்க்கிறான், முகத்தில் பாசம் வழிகிறது. "உறுத்துதாம்மா? அரிக்குதோ?" இல்லை என்று தலையை ஆட்டுகிறேன், தலையும் இப்போது சொன்னபடி கேட்பதில்லை, மேலும் கீழுமாகப் போகிறது. "பாருங்க அத்த, அம்மாவாலயே தாங்க முடியல. கழத்திருதேன்ம்மா, ஒரு நிமிசம்." வார்டு நர்ஸ் ஜெபராணி சிஸ்டரைத் தேடுகிறேன். அவள் வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ சலைன் மாற்றிக்கொண்டிருக்கிறாள், முதுகுதான் தெரிகிறது. சிஸ்டர் என்று கூப்பிட முடியாது. சரி சரி என்று கத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்தச் சொல்லில் என்ன அவசரம் இருக்கிறது? ஆவுடையின் விரல் முதல் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டுகிறது. நகம் படுகிறது. இவனுக்குப் பால் கொடுத்த நெஞ்சு இது, இதற்குள் என்ன நடக்கிறது என்று இவனுக்கு ஒரு நாளாவது கேட்கத் தோன்றியதா, கொடை வீடியோவை மட்டும் எடுத்து எடுத்து எல்லாருக்கும் அனுப்பத் தெரிந்தது, எங்கம்மா சாமி ஆடுறாங்க பாருங்க என்று, அந்த வீடியோவில் என் உதடு நீலமாக இருப்பதை ஒரு கழுதையும் பார்க்கவில்லையா, எடு கையை, எடுடா கையை, கோபம் வயிற்றிலிருந்து எழுந்து மேலே ஏறுகிறது, தொண்டைக்குழிக்கு வருகிறது, அங்கே ஒரு சின்ன மீன் துள்ளுகிறது.

துள்ளியது. மறுபடி துள்ளியது. இடது காது அடைத்தது. வந்துவிட்டது, வந்தேவிட்டது, ஐயோ வட்டத்தை எடுக்காதே, இப்போது எடுக்காதே. வழுக்குகிறது, இழுக்கிறது, தடதடவென்று விலாவெலும்பில் முட்டுகிறது. நெற்றி நனைகிறது. பயமாகத்தான் இருக்கிறது, எப்போதும் போல, ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருக்கிறது. இடது கையை ஓங்கி ஆவுடையின் கன்னத்தில் அறைந்தேன். கல்யாணம் ஆன மகன், அறைந்தேன். அவன் பின்வாங்கினான். எனக்கு உடம்பெல்லாம் உதறியது, கட்டில் கிறீச்சிட்டது, தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது, அது சொல்லே இல்லை. சாத்துக்குடி தரையில் உருண்டது. மயினி எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டாள். "ஆவுட, கைய எடுல! தள்ளி நில்லு! ஆத்தா வந்திருக்கா!" பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சேலையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டாள். ஆவுடை சட்டென்று செருப்பைக் கழற்றினான். மயினி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "தாயே, என்ன வேணும் தாயே? பொட்டிய எடுக்கக் கூடாதா? அது இருக்கட்டுமா?" இத்தனை நேரம் இதைத்தானே கேட்கச் சொன்னேன். "சரி!" என்றேன். வார்டே அதிர்ந்தது. உடனே ஆவுடை பயபக்தியோடு கை நீட்டி, சுரண்டிய வட்டத்தின் ஓரத்தை அழுத்தி ஒட்டினான். அம்மா கையைத் தூக்கிக் காட்டியபோது அவனுக்குப் புரியவில்லை, ஆத்தா அடித்ததும் புரிந்துவிட்டது. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? இன்னும் ஒரு அறை விட வேண்டும் போலத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு ஜெபராணி சிஸ்டர் ஓடி வந்தாள். "என்ன கூட்டம் இங்க? தள்ளுங்க, பேசண்ட்டுக்குக் காத்து வரட்டும்." வந்ததும் என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, சொரசொரவென்று பட்டது. வாட்சைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினாள், எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள், வாட்சை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி விரலை அழுத்தி வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து இந்த நடுக்கத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்த முதல் ஆள் அவள்தான். "எம்மா, பயப்படாதீங்க, நான் இருக்கேன். மெஷின் ஓடுது, எல்லாம் பதிவாகுது," என்றாள். பிறகு மயினியிடம், "இவங்களுக்கு இப்படி முன்னால வந்திருக்கா?" மயினி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள், குரலில் அவ்வளவு பெருமை. "வந்திருக்காவா? கொடைக்குக் கொடை வரும் சிஸ்டர்! எங்கம்மா செத்த மறுவருசத்துல இருந்து வருது. இதே வேர்வ, இதே நடுக்கம், இப்படித்தான் நெஞ்சப் பிடிச்சிக்கிடுவா. சும்மா நாள்லயும் வரும், எங்க வீட்டு ஆத்தால்லா!" எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. காலையில் டாக்டரம்மா கேட்டாளே, அதற்கான பதிலை வரிவரியாக, என் வாய் சொல்ல முடியாத அத்தனையும், கையைக் கூப்பிக்கொண்டே சொன்னாள். சிஸ்டர் என் கையை விடாமல் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு டாக்டரை உடனே வரச் சொன்னாள். வேன் ஹாரன் கீழே அடித்தது, யாரும் போகவில்லை.

ஆவுடை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான். செருப்பில்லாத கால். சிஸ்டர் முகத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், காலையில் தானே சொன்ன பதில் அவனுக்கு இப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் மெதுவாக மாறியது, சின்ன வயதில் பேதி ஆகி நிற்கும்போது இருந்த முகம் வந்தது. கட்டிலருகில் குனிந்தான். "எம்மா," என்றான். "அப்ப இத்தன வருசமும் அது இதுதானாம்மா? ஒனக்கு உள்ள வலிச்சுதாம்மா?" நெஞ்சு இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது, எனக்குத் தெரிந்தது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல், அதைச் சொன்னால் போகட்டும் விடு என்று எடுத்துக்கொள்வான், அவனுக்குக் கொஞ்சம் ஆறும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.